உயரே போனால் நிழல் இல்லை

கள்ளக்குறிச்சி
2 ஜூலை 2025

பாரதிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருந்தது அப்படியேதான் இருக்கிறது. பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், வேலை நடக்காது. அதனால்தான் மெயில். உதவி கேட்டும் எழுதவில்லை. ஒரு தகவல் வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கலாம் என்று தோன்றியது.

நம் மேப்பை, கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் அந்த விளையாட்டின் கம்பெனிக்கு அனுப்பினேன். ‘நம்’ என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. விளையாடுகிறவர்கள் செய்து அனுப்பும் மேப்களில் நல்லதை எடுத்து அவர்கள் விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா, அதற்குத்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரைக்கும் ஒரு வளைவு விடாமல் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் சொன்ன காரணம் இது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பிரமாதமாக இருக்கிறதாம். கேமராவைப் பின்னுக்கு இழுத்து உயரே கொண்டுபோனால் நிழல் எல்லாம் காணாமல் போய்விடுகிறதாம். செப்டம்பருக்குள் சரிசெய்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

முதலில் நான் நம்பவில்லை. உட்கார்ந்து மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். உயரே போகப் போக முதலில் மரத்தின் நிழல் போனது. பிறகு பாறை. பிறகு மலையின் நிழலே போய்விட்டது. பள்ளம் எது, மேடு எது என்று தெரியவில்லை. அத்தா கடையை மூடிவிட்டு வந்தவர் என் பின்னால் நின்று பார்த்தார். “இன்னாம்மா இது? மலைய யாரோ இஸ்திரி போட்டாப்பல இருக்குது?” என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து மிச்சமாகும் நேரத்தையெல்லாம் இரண்டு வருடமாக இந்த மலைக்குக் கொடுத்திருக்கிறேன். இஸ்திரி போட்ட மலையை என் பெயரில் யாருக்கும் காட்டமாட்டேன்.

நிழல் ஏன் மறைகிறது? இவ்வளவுதான் கேள்வி.

உன் பெயர் அதில் இல்லை. நீதானே வேண்டாம் என்றாய்.

ஜெபீனா


ஹைதராபாத்
5 ஜூலை 2025

அன்புள்ள ஜெபி,

நீ ‘பாரதிக்கு’ என்று மட்டும் எழுதினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன். எனக்கு வேறு மாதிரி வராது.

முதலில் கேள்விக்குப் பதில். எந்த விளையாட்டும் உலகம் முழுமைக்கும் நிழல் போட்டுக்கொண்டிருக்காது. கம்ப்யூட்டர் தாங்காது. கேமராவிலிருந்து இவ்வளவு தூரம் வரைக்கும்தான் நிழல் என்று ஒரு எல்லை வைத்திருப்பார்கள். நீ உயரே போகும்போது தரையே அந்த எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது. மேப் செய்யும் எடிட்டரில் வெளிச்சத்துக்கான பக்கத்தில் ‘நிழல் தூரம்’ என்று ஒரு எண் இருக்கும். அதைக் கூட்டிப் பார்.

இனி நீ கேட்காத பதில். என் பெயர் வேண்டாம் என்று சொன்னது நம் மேப்பை நினைத்து வெட்கப்பட்டு இல்லை. இங்கே இந்த விளையாட்டு செய்யும் கம்பெனியில் சேரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேறு எந்த விளையாட்டிலும் என் பெயர் வரக்கூடாது. இதைச் சொல்லத்தான் மார்ச்சில் உன் வீட்டுக்கு வந்தேன். பாதி சொல்வதற்குள் “பெரிய கம்பெனி கெடச்சதும் எங்கூட சேத்துப் பேரு போட கூச்சமா இருக்குதா?” என்று கேட்டுவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். உன் அம்மா கொடுத்த டீயை நான் குடிக்கவே இல்லை. அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மலையின் பாதிப் பாறைகளை வைத்தது நான். அதை நான் மறந்துவிட்டதாக மட்டும் நினைக்காதே.

பாரதி


கள்ளக்குறிச்சி
13 ஜூலை 2025

பாரதிக்கு,

நிழல் தூரத்தைக் கூட்டினேன். நீ சொன்னது பாதிதான் வேலை செய்தது.

தூரத்தைக் கூட்டக் கூட்டப் பக்கத்தில் இருக்கும் நிழல் கெட்டுப்போகிறது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி நிழல் முன்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். இப்போது ஓரமெல்லாம் படிப்படியாக, எலி கொறித்த மாதிரி இருக்கிறது. பஸ் திக்கித் திக்கி நகர்கிறது. என் கம்ப்யூட்டருக்கே இந்தக் கதி என்றால், வெள்ளிமலையில் பழைய லேப்டாப்பில் விளையாடப்போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இத்தனைக்குப் பிறகும் உயரே போனால் மலை தட்டையாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். இருந்ததும் கெட்டது, வேண்டியதும் வரவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அனுமதி இல்லாமல் பெயர் வரக்கூடாது என்றால், அனுமதி வாங்கினால் வரலாம் என்றுதானே அர்த்தம்? கேட்டுப் பார்த்தாயா?

அம்மா டீயைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. “அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப் போச்சு, நீ பேசினது ஜாஸ்தி” என்று என்னைத்தான் திட்டினார்.

ஜெபீனா


ஹைதராபாத்
20 ஜூலை 2025

அன்புள்ள ஜெபி,

அப்படியானால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நிழலைத் தரையிலேயே வரைந்துவிடு. எந்தச் சரிவு இருட்டாக இருக்கவேண்டுமோ அங்கே நிலத்தின் நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கு. உயரே போனாலும் அது மறையாது, ஏனென்றால் அது நிழலே இல்லை, பெயின்ட். கம்ப்யூட்டருக்கும் கனம் இல்லை. பெரிய பெரிய விளையாட்டுகளிலேயே இதைச் செய்கிறார்கள். ஒரு வாரத்தில் முடித்து அனுப்பிவிடலாம்.

இங்கே எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘முடிந்துவிட்டதா’ என்று கேட்பார்கள். அதில் நான் கொஞ்சம் பழகிவிட்டேன் போலிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பா போன் செய்தார். மழை கம்மி என்றார். வைத்துவிட்டார்.

பாரதி


கள்ளக்குறிச்சி
3 ஆகஸ்ட் 2025

பாரதிக்கு,

பெயின்ட் அடிக்கமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். கோமுகி அணைக் கரையில் காலையிலிருந்து உட்கார்ந்து மலையைப் போட்டோ எடுத்தேன். காலையில் வெயில் நேராக மலையின் முகத்தில் அடிக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிகிறது. மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. அப்போது மலையின் நிழல் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு அணைத் தண்ணீரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகள் மேல் ஏறி ஊரைப் பார்க்க வருகிறது. என் காலைத் தொட்டுக்கொண்டு போனதை நானே பார்த்தேன். நம் மேப்பில் சூரியன் நகர்கிறது. காலையில் முதல் பஸ் கிளம்புகிறது, சாயங்காலம் கடைசி பஸ் இறங்குகிறது. பெயின்ட் அடித்தால் காலை பஸ்ஸுக்கும் சாயங்கால நிழல்தான் கிடைக்கும். ஊரில் ஒரு பிள்ளை பார்த்தால்கூட “இது நம்ம மலை இல்ல” என்று சொல்லிவிடும்.

கரையில் உன் அப்பாவைப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

“யாரு, பாரூக் பாய் பொண்ணா? வெய்யில்ல இங்க குந்திக்கினு இன்னாம்மா பண்ற?”

மலையைப் படம் எடுக்கிறேன் என்றேன். அவரும் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “பாரதி அங்க இன்னா வேலைதான் செய்யுது? கேட்டா கம்ப்யூட்டர்னு சொல்லுது. கம்ப்யூட்டர்ல இன்னான்னு கேட்டா, ஒங்களுக்குப் புரியாதுப்பான்னு சொல்லுது. யாராவது கேட்டா நான் இன்னான்னு சொல்றது?” என்று கேட்டார். மலை செய்கிறாள் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டுக்கு வந்து நிழல் தூரத்தை மறுபடி கூட்டி வைத்துவிட்டு உயரே போய்ப் பார்த்தேன். எல்லாம் தட்டைதான். ஒன்றே ஒன்றைத் தவிர. அணைச் சுவர். எவ்வளவு உயரே போனாலும் அதன் நிழல் மட்டும் மையால் கோடு இழுத்த மாதிரி தண்ணீரின் மேல் நிற்கிறது. மலைக்கு இல்லாத நிழல் சுவருக்கு மட்டும் எப்படி வந்தது? அந்தச் சுவரைச் செய்தது நீ. அதில் என்ன செய்து வைத்திருக்கிறாய்?

என் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அனுமதி கேட்டாயா?

ஜெபீனா


ஹைதராபாத்
4 ஆகஸ்ட் 2025

ஜெபி, ஜெபி,

நீ கண்டுபிடித்துவிட்டாய்! உனக்கே தெரியாமல் கண்டுபிடித்துவிட்டாய். ஆபீஸில் மதியம் சாப்பிடும்போது உன் மெயிலைப் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அணைச் சுவரில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் விஷயம். மற்ற எல்லாவற்றுக்கும் நாம் இரண்டு உருவம் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் பார்க்க நுணுக்கமான உருவம், தூரத்தில் பார்க்கக் கனம் இல்லாத எளிய உருவம். கேமரா விலகினால் விளையாட்டு தானாகவே எளியதை மாற்றி வைத்துக்கொள்ளும். அணைச் சுவர் வெறும் நீளக் கட்டைதானே, இதற்கெதற்கு இரண்டு என்று சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். அதற்கு ஒரே உருவம்தான்.

நம் எளிய உருவங்களுக்கு எல்லாம் ‘நிழல் போடாதே’ என்று எடிட்டர் தானாகவே வைத்துவிடுகிறது. நாம் அதைப் பார்க்கவே இல்லை. சுவர் மாறுவதில்லை, அதனால் அதன் நிழல் போகவில்லை. மலை மாறிவிடுகிறது, அதனால் நீ எண்ணை எவ்வளவு கூட்டினாலும் நிழல் வராது. சிக்கல் ஒன்றில்லை, இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

எளிய உருவங்கள் எல்லாவற்றுக்கும் நிழலைப் போடச் சொன்னால் அத்தனை மரங்களும் சேர்ந்து கம்ப்யூட்டரைக் கவிழ்த்துவிடும். ஆனால் யோசித்துப் பார், உயரே இருந்து பார்க்கிறவனுக்கு மரத்தின் நிழல் எதற்கு? மலையின் நிழல் இருந்தால் போதும். அதனால் இப்படிச் செய்வோம்:

மலை மடிப்புகளுக்கு மட்டும் கரடுமுரடாக ஒரு போர்வை செய்வோம். கண்ணுக்குத் தெரியாத போர்வை. அதற்கு உருவம் கிடையாது, நிழல் மட்டும் உண்டு. அதை மலைமேல் போர்த்திவிடுவோம். பிறகு நிழல் தூரத்தை ஒரே எண்ணாக வைக்காமல் கேமராவின் உயரத்தோடு கட்டிவிடுவோம். தரையில் இருக்கும்போது தூரம் கம்மி, அதனால் நிழல் கூர்மையாக இருக்கும். உயரே போகப் போகத் தூரம் தானாகக் கூடும். அங்கே ஓரம் கொஞ்சம் மழுங்கினாலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

பெயின்ட் அடிக்கச் சொன்னதை மறந்துவிடு. ஃபைலை அனுப்பு. மேற்கு மடிப்புகளை நான் செய்கிறேன், கிழக்கு உனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்த லேப்டாப்பில்தான் செய்வேன். ஆனால் என் பெயர் எங்கேயும் வேண்டாம்.

அனுமதி கேட்கவில்லை. நான் இன்னும் தற்காலிகப் பணியில்தான் இருக்கிறேன், ஜெபி. புதிதாக வந்தவள் வந்த உடனே விதிவிலக்குக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? பயமாக இருக்கிறது. உன்னைப் போல எனக்கு வாய் வராது.

பாரதி


கள்ளக்குறிச்சி
24 ஆகஸ்ட் 2025

அடி பாரதி,

வந்துவிட்டது.

முறையாகச் சொல்கிறேன், இல்லையென்றால் உனக்குத் திருப்தி வராது. உன் மேற்குப் போர்வையும் என் கிழக்குப் போர்வையும் சேர்த்துப் போர்த்திய முதல் நாள் மலையெல்லாம் கறுப்புத் திட்டு. தோல் வியாதி வந்த மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது. பிறகு பார்த்தால், நம் போர்வை சில இடங்களில் மலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, மலை மேலேயே நிழல் போட்டுக்கொண்டிருந்தது. உனக்கு எழுதிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானே போர்வையை மலைக்குள் கொஞ்சம் அமுக்கி இறக்கினேன். வெளியே எங்கேயும் எட்டிப் பார்க்காத அளவுக்கு. திட்டு போய்விட்டது. இதை நான் தனியாகக் கண்டுபிடித்தேன் என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

நிழல் தூரத்தை உயரத்தோடு கட்ட நீ எழுதி அனுப்பிய கணக்கையும் கேமராவில் சேர்த்தேன். பிறகு அத்தாவையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பஸ்ஸை எடுத்தேன். டிரைவர் சீட்டில் கண்ணாடியின் நிழல் பழையபடி கத்தி மாதிரி. அங்கிருந்து சக்கரத்தை உருட்டினேன். பஸ் சின்னதானது, ரோடு நூலானது, மரம் புள்ளியானது. மலை மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்தில் அதன் இருட்டு. பள்ளம் பள்ளமாக, மேடு மேடாக. நேரத்தை வேகமாக ஓடவிட்டேன். சூரியன் சாய நிழல் அணையைத் தாண்டி நகர்ந்தது. அன்றைக்கு என் காலைத் தொட்டதே, அதே நிழல்.

அத்தா எழுந்து போய் பக்கத்துக் கடை அன்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “பாரு, எம் பொண்ணும் அது சிநேகிதியும் செஞ்ச மலை. எங்க போய்ப் பாத்தாலும் மலையாவே இருக்கும்” என்றார். அன்சர் எதைக் கேட்டாலும் அவரே பதில் சொன்னார், அவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரி.

சிநேகிதியும் என்றார், கவனித்தாயா? என் வீட்டில்கூட நான் மட்டும் செய்ததாக யாரும் நினைக்கவில்லை. மறுபடி அனுப்பிவிட்டேன். செய்தவர் பெயர் என்று கேட்ட இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய் இது என்று சொல்லமாட்டேன். ஆனால் இதுதான் எனக்குப் பிடிக்காத பொய்.

ஜெபி


ஹைதராபாத்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெபி,

நீ அனுப்பிய வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். போர்வையை அமுக்கியது அபாரம். எனக்குத் தோன்றியிருக்காது. குறித்துக்கொண்டேன்.

பெயரைப் பற்றி மட்டும் இனி எழுதாதே. நிழல் சரியாக விழுகிறது, அது எனக்குப் போதும். நான் போதும் என்று சொன்னால் போதும்தான்.

பாரதி


கள்ளக்குறிச்சி
5 அக்டோபர் 2025

பாரதி,

இரண்டு செய்தி. ஒன்று நல்லது. இன்னொன்றை நீதான் நல்லதாக ஆக்க வேண்டும்.

மேப்பை எடுத்துக்கொண்டார்கள். மெயிலில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும், எந்த நேரத்தில் பார்த்தாலும் மலை மலையாகவே இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் செய்தவர்கள் பெயரை உறுதிசெய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாதாம்.

இன்னொன்று ஆயுத பூஜை அன்று நடந்தது. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் சின்னக்கண்ணு அண்ணனைத் தெரியுமே, அவர்தான் கேட்டார். “வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சி மாலை போட்டுட்டு எல்லாரும் சமுதாயக் கூடத்துலதான் குந்திக்கினு இருப்போம். நீ செஞ்ச ரோட்ட அங்க போட்டுக் காட்டேன்.” அத்தா கடையிலிருந்தே பெரிய டிவியை எடுத்து லோடு ஆட்டோவில் ஏற்றி அவரே பிடித்துக்கொண்டு கச்சிராயபாளையம் வந்தார். கூடம் நிறைய ஆள். ஜீப் டிரைவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், பொரியும் கடலையும் மென்றுகொண்டு பிள்ளைகள். உன் அப்பாவும் உன் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

சின்னக்கண்ணு அண்ணன் ஸ்டீரிங் பிடித்தார். ஒவ்வொரு வளைவிலும் கூடமே சேர்ந்து ஹாரன் அடித்தது. வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் நான் கேமராவை உயரே எடுத்தேன். ஹாரன் அடித்தவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரும் இந்த ஊரை அங்கிருந்து பார்த்ததில்லையே. நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். மலையின் நிழல் இறங்கியது. அணை, வாய்க்கால், கரும்பு.

உன் அப்பா எழுந்து டிவி பக்கத்தில் வந்துவிட்டார்.

“தோ, இதான் நம்ம கொல்ல. கெணறு, வேப்பமரம்… இந்த நெழலு இப்பிடித்தான்யா வரும், மேற்கால மூலையிலேர்ந்து.” விரலை வைத்து நிழல் கூடவே நகர்த்திக்கொண்டு போனார். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்து, “எம் பொண்ணும் இந்தம்மாவும் செஞ்சது” என்றார். மறுபடி டிவியைக் காட்டி, “எம் பொண்ணு மலை செய்யுது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கடைசியில் திரையில் செய்தவர் பெயர் வந்தது. என் பெயர் மட்டும். உன் அப்பா இன்னும் டிவி பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த வரி வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

“எம் பொண்ணு பேரு எங்கம்மா?” என்றார்.

நான் என்ன சொல்வேன்? உன் வேலை போய்விடும் என்று சொல்வதா, அதுவும் அத்தனை பேருக்கு நடுவில்? வாய் எனக்கு வரும் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி சரி, நான் தெரியாம சொல்லிட்டேன் போல” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ செய்ததாக அவர் பொய் சொல்லிவிட்டார் என்று கூடத்தில் சிலர் நினைத்திருப்பார்கள். அவரே அப்படி நினைத்துக்கொண்டுதான் போனார்.

உனக்குப் போதும் என்று எழுதியிருந்தாய். உனக்குப் போதும், பாரதி. அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

ஜெபி


ஹைதராபாத்
17 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெபி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலை ஆபீஸ் போனதும் பையைக்கூட வைக்காமல் எங்கள் குழுத் தலைவரின் அறைக்குப் போனேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாக நாம் செய்த மேப், ஆகஸ்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்த போர்வை, எல்லாம்.

அவர் முகம் மாறியது. “இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“பயந்தேன்.”

“இப்போது பயம் இல்லையா?”

“இருக்கிறது. ஆனால் என் அப்பா ஊர் முன்னால் என் பெயரைத் தேடியிருக்கிறார். அது அங்கே இல்லை” என்றேன். அனுமதி கொடுத்தால் சந்தோஷம், கொடுக்காவிட்டால் வேலையை விடத் தயாராக வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் பை இன்னும் தோளில் தொங்குவதைக் கவனித்தேன்.

அவர், மேப்பைக் காட்டு என்றார். காட்டினேன். மவுஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். உயரே போனார், கீழே வந்தார், மறுபடி உயரே போனார். காலை, மதியம், சாயங்காலம். கண்ணாடி நிழலுக்குப் பக்கத்தில் போய் ஓரத்தைப் பார்த்தார். “போர்வை எங்கேயும் வெளியே எட்டிப் பார்க்கவில்லையே, எப்படி?” என்றார். அது நான் இல்லை, கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் சிநேகிதி தனியாகக் கண்டுபிடித்தது என்றேன். அவர் உன் பெயரைக் கேட்டு இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தார். தப்பாகத்தான் உச்சரித்தார், திருத்தினேன்.

பிறகு பல நாள் ஒரு பதிலும் இல்லை. சட்டம் பார்க்கிறவர்களிடம் போயிருக்கிறது என்றார்கள். நான் ஒவ்வொரு சாயங்காலமும் மேஜையைக் காலி செய்வதற்குத் தயாராக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். இன்று எழுத்தில் வந்துவிட்டது. வேலையில் சேர்வதற்கு முன்பே தொடங்கியது என்பதால் இந்த மேப்பில் என் பெயர் வருவதில் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த முறை முதலிலேயே வந்து கேள் என்று தலைவர் கடுமையாகவே சொன்னார். சரி என்றேன். அடுத்த முறை என்று அவர் சொன்னதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெயரைப் போடு, ஜெபி. உன் பெயர் முதலில் இருக்கட்டும், விட்டுவிட்டு ஓடாமல் கூடவே இருந்தது நீதான். இதில் சண்டைக்கு வராதே. தமிழிலேயே போடச் சொல். அவர்கள் எழுத்துருவில் தமிழ் கட்டம் கட்டமாக வரும் என்றால் படமாகச் செய்து அனுப்பு.

என் பெயரை வெறும் பாரதி என்று எழுதாதே. தெ. பாரதி. முதலெழுத்தை விட்டுவிடாதே.

பாரதி


கள்ளக்குறிச்சி
9 நவம்பர் 2025

அடி தெ. பாரதி,

நேற்று விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. அத்தாவே கச்சிராயபாளையத்தில் உன் அப்பாவுக்குப் போன் செய்து, “தெய்வசிகாமணிண்ணே, வூட்ல இன்னா வேல இருந்தாலும் வுட்டுட்டு வாங்க” என்றார். உன் அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடைக்குள் வந்ததும் டிவியைப் பார்க்காமல் மிக்சி, ஃபேன் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒருமுறை ஏமாறக்கூடாது என்று நினைத்திருப்பார்.

நான் மேப்பைத் திறந்தேன். மலை வந்தது. அதன் மேல் பெயர்கள் வந்தன. நம் எழுத்தில், பெரிதாக.

உன் அம்மாதான் அவர் தோளைத் தட்டித் திருப்பினார். அவர் பக்கத்தில் போனார். முதல் வரியில் விரல் வைத்து என் பெயரைப் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்து நின்றுவிட்டார். கடையில் ஃபேன் வாங்க வந்த ஒருவர், “இன்னா பெரியவரே, இன்னா போட்டுக்குது?” என்று கேட்டார்.

உன் அப்பா சுருக்கிப் படிக்கவில்லை, பாரதி.

“தெய்வசிகாமணி பாரதி” என்றார்.

ஜெபீனா